பனிமலைக்குப் போன பள்ளிக்கூடங்கள்: மெட்ராஸில் தொடங்கும் ஒரு கதை

ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், கேம்ப் ரோட்டைத் தாண்டி, ஏரிகளும் அடுக்குமாடிகளும் மாறி மாறி வரும் புறநகர்ப் பகுதி அது. 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மார்கழி விடியலில் கோலம் போடும்போது லேசாக மூடுபனி இறங்கும். அதோடு குளிர்காலம் முடிந்தது!

தமிழில் 'பனி' என்ற சொல்லே இதைச் சொல்லிவிடும். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த நம் முன்னோர் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்றார்கள். புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி, இமயத்தில் ஆளுயரத்துக்குக் கொட்டிக் கிடப்பதும் பனி. இரண்டாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் இங்கே குறைவு.

அதனால்தான் தென்சென்னைப் புறநகர்ப் பள்ளிகளின் சுற்றுலா என்றால் மகாபலிபுரம், வண்டலூர் உயிரியல் பூங்கா, 1995க்குப் பிறகு தாம்பரம் கிஷ்கிந்தா. கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் ஊட்டி, கொடைக்கானல். ஆனால் இப்போது மேல்வகுப்புப் பிள்ளைகளையும் கல்லூரி மாணவர்களையும் மணாலி, சிம்லா, காஷ்மீர் என்று கூட்டிப்போவது சகஜமாகிவிட்டது. மாணவர்களைக் கூட்டமாகப் பனிமலைக்கு அழைத்துப் போகும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைத் தேடிப் போனால் வழியில் மெட்ராஸ் வருகிறது என்பதுதான் ஆச்சரியம்.

1888: ஒரே ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள்

1888ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று விஷயங்கள் நடந்தன.

முதலாவது, நார்வே நாட்டின் ஃபிரிட்யோஃப் நான்சென் சிறு குழுவோடு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குப் பலகைகளில் குறுக்காகக் கடந்தார். அதுவரை நார்வே, ஸ்வீடன் விவசாயிகள் குளிர்காலத்தில் நடமாடப் பயன்படுத்திய சாதனம்தான் அந்தப் பலகை. நான்சென் எழுதிய பயணநூல் வெளிவந்த பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து இளைஞர்களிடம் அந்த மோகம் பரவியது.

இரண்டாவது, லண்டன் ரீஜன்ட் தெருவில் குவின்டின் ஹாக் என்பவர் உழைக்கும் வர்க்க இளைஞர்களுக்காக நடத்திவந்த பாலிடெக்னிக்கின் பள்ளி மாணவர்களை அவர்களுடைய ஆசிரியர்கள் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போனார்கள். வரைபடத்தில் படித்த மலையை நேரில் பார்க்கட்டுமே என்பதுதான் நோக்கம். பணக்காரர்கள் மட்டுமே போய்வந்த ஆல்ப்ஸ் மலைக்குச் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போனது அன்றைக்குப் பெரிய செய்தி. இந்தப் பயணங்கள் வளர்ந்து பின்னாளில் ஒரு சுற்றுலா நிறுவனமாகவே ஆகிவிட்டன.

மூன்றாவதுதான் நம் ஊர்க் கதை. அதே 1888 ஏப்ரல் 18ஆம் தேதி மெட்ராஸில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் ஆர்னால்ட் லன். இன்றைக்குக் குளிர்கால ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் ஸ்லாலம் பந்தயத்துக்கு விதி எழுதியவர் அவர்தான். ஆம், பனியே விழாத ஊரில் பிறந்தவர்!

மிஷனரி டிராவல் ஏஜென்ட் ஆன கதை

ஆர்னால்டின் தந்தை ஹென்றி லன், 1859இல் இங்கிலாந்தின் ஹார்ன்காஸில் ஊரில் பிறந்தவர். இறையியலும் மருத்துவமும் படித்து, மெதடிஸ்ட் சபையின் மருத்துவ மிஷனரியாக 1887இல் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் உடல்நலம் கெட்டதால் ஓராண்டு அளவிலேயே மனைவி, கைக்குழந்தையோடு இங்கிலாந்து திரும்ப வேண்டியதாயிற்று.

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் ஏழை மக்களிடமிருந்து விலகி, வெள்ளைக்கார அதிகாரிகளைப் போல வசதியாக வாழ்கிறார்கள் என்று சபைப் பத்திரிகையில் எழுதினார். பெரிய சர்ச்சை வெடித்தது. கடைசியில் அவர் மெதடிஸ்ட் ஊழியத்தை விட்டே விலகினார்.

இதற்கிடையில் 1892இல், பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவ சபைகளை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் ஒரு மாநாடு கூட்டினார். அதற்கு வந்தவர்களுக்கு ரயில், கப்பல், ஓட்டல் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்தார். சபைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் கூட்டமாக ஆட்களை மலைக்கு அழைத்துப் போவது நல்ல தொழில் என்பது தெரிந்துவிட்டது! 1898 குளிர்காலத்தில் அவர் அழைத்துப் போன குழுவோடு பிரான்சின் ஷாமோனி ஊருக்குப் போன பத்து வயது ஆர்னால்ட் முதல் முறையாகப் பனிச்சறுக்குப் பலகையில் ஏறினான்.

அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தின் மலை ஓட்டல்கள் கோடையோடு மூடப்படும். குளிர்காலத்தில் யார் வருவார்கள்? ஹென்றி லன் அந்த ஓட்டல்களை மொத்தமாக எடுத்துக் குளிர்காலத்திலும் திறக்க வைத்தார். ஆனால் மேட்டுக்குடி ஆங்கிலேயர்களுக்கு 'டூர் கும்பல்' என்ற பெயரே ஒவ்வாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் 'பப்ளிக் ஸ்கூல்ஸ் ஆல்பைன் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். பப்ளிக் ஸ்கூல் என்றால் நம் ஊர் அர்த்தத்தில் பொதுப்பள்ளி அல்ல. ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரத் தனியார் பள்ளிகள். அந்த மாதிரிப் பள்ளிகளிலோ பெரிய பல்கலைக்கழகங்களிலோ படித்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் மட்டுமே உறுப்பினராகலாம். டூர் என்றால் கௌரவக் குறைச்சல், கிளப் என்றால் கௌரவம்!

கவனித்தால் ஒரு முரண் தெரியும். மிஷனரிகள் ஏழைகளிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்று கோபப்பட்டவர்தான், ஏழை வீட்டுப் பிள்ளைகள் நுழைய முடியாத ஒரு பனிமலைச் சங்கத்தை உருவாக்கினார். பாலிடெக்னிக் ஆசிரியர்கள் திறந்த கதவு ஒரு பக்கம், லன் பூட்டிய கதவு மறுபக்கம். வேடிக்கை என்னவென்றால், 1960களில் இந்த இரண்டு வழி நிறுவனங்களும் இணைந்து 'லன் பாலி' என்ற ஒரே சுற்றுலா நிறுவனமாகிவிட்டன. பனிமலைக்கு மாணவர்களைக் கூட்டிப் போவதன் வரலாற்றில் இந்த இரண்டு கதவுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

காந்தகார் பெயரில் ஒரு கோப்பை

ஆர்னால்ட் லன் 1909இல் வேல்ஸ் நாட்டு மலையொன்றில் ஏறும்போது விழுந்து கால் உடைந்தது. வலது கால் குட்டையாகிப்போனது. மலை வாழ்க்கை இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் பெயர் சொல்லும் காரியங்கள் அனைத்தும் அதற்குப் பிறகு நடந்தவைதான்.

1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மோன்டானாவில் மலையுச்சியிலிருந்து இறங்கும் பந்தயம் ஒன்றை நடத்தினார். அதற்கு 'ராபர்ட்ஸ் ஆஃப் காந்தகார்' கோப்பை என்று பெயர். ஆல்ப்ஸ் மலையில் எப்படிக் காந்தகார் வந்தது? கோப்பையைக் கொடுத்தவர் ராபர்ட்ஸ் பிரபு. கான்பூரில் பிறந்தவர். 1880இல் காபூலிலிருந்து காந்தகாருக்கு இந்தியச் சிப்பாய்களும் அடங்கிய படையை நடத்திப் போனதால் அந்தப் பட்டம். அடுத்து 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் அவரே. ஆக, உலகின் புகழ்பெற்ற பனிச்சறுக்குப் பந்தயப் பெயருக்குப் பின்னாலும் ஒரு மெட்ராஸ் உத்தியோகம் இருக்கிறது.

1922 ஜனவரியில் மியூரன் என்ற ஊரில் ஆர்னால்ட் இன்றைய ஸ்லாலம் பந்தயத்தை நடத்தினார். வாயில்கள் மாதிரி குச்சிகளை நட்டு, அவற்றின் ஊடாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். அதுவரை எவ்வளவு அழகாகத் திரும்புகிறார் என்று பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஆர்னால்ட் அதை எடுத்துவிட்டார். அழகுக்கு மார்க் கிடையாது, நேரம் மட்டும்தான்! 1936 ஒலிம்பிக்கில் மலையிறங்கும் பனிச்சறுக்கு சேர்ந்தது. 1952இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1974இல் காலமானார்.

கதவு திறந்த இடங்கள்

பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பனிமலைக்குப் போகலாம் என்ற எண்ணம் பிறகு எப்படி வந்தது? இரண்டு உதாரணங்கள் போதும்.

சுவிட்சர்லாந்து, 1941. நாட்டைச் சுற்றிலும் போர். அந்த ஆண்டில் அந்நாட்டுப் பனிச்சறுக்குச் சங்கம் நாடு முழுவதிலும் இருந்து 500 சிறுவர்களைப் பான்ட்ரெசினா என்ற மலையூருக்கு வரவழைத்து முகாம் நடத்தியது. 'யுஸ்கிலா' என்று அழைக்கப்படும் அந்த முகாம் பின்னர் சிறுமிகளுக்கும் திறந்தது. யார் போகலாம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்கிறார்கள். அப்பாவின் சம்பளமோ பிள்ளையின் மார்க்கோ அங்கே பேசாது, சீட்டுதான் பேசும்.

பிரான்ஸ், 1953. பாரிஸை ஒட்டிய வான்வ் என்ற புறநகர். நமக்குத் தாம்பரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே டாக்டர் மாக்ஸ் ஃபூரெஸ்தியே பள்ளிப் பிள்ளைகளின் நாளை இரண்டாகப் பிரித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். காலையில் பாடம், பிற்பகலில் உடற்பயிற்சி. அதன் தொடர்ச்சியாக ஒரு வகுப்பை அதன் ஆசிரியரோடும் பாடப் புத்தகங்களோடும் அப்படியே லா ஃபெக்லாஸ் என்ற மலையூருக்கு மாற்றினார்கள். காலையில் கணக்கும் இலக்கணமும், மதியம் பனிச்சறுக்கு. இதுதான் 'பனி வகுப்பு' என்று பெயர் பெற்று பிரான்ஸ் முழுக்கப் பரவியது.

இதில் முக்கியமான விஷயம், அது டூர் அல்ல என்பதுதான். டூர் என்றால் பணம் கட்டியவன் வருவான், கட்டாதவன் வீட்டில் இருப்பான். வகுப்பு என்றால் எல்லோரும் வர வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. ஒரு சொல்லை மாற்றியதில் எத்தனை வித்தியாசம்!

இந்தியாவில்

இந்தியாவில் பனிச்சறுக்கு வந்ததும் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் வழியாகத்தான். 1927இல் காஷ்மீரின் குல்மார்க்கில் 'ஸ்கி கிளப் ஆஃப் இந்தியா' தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு 1960களின் கடைசியில் மத்திய சுற்றுலாத் துறை அங்கே ஒரு பயிற்சி நிறுவனத்தை அமைத்தது. 1998இல் குல்மார்க் ரோப்காரின் முதல் கட்டமும், 2005இல் அஃபர்வாட் மலைமீது கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்வரை போகும் இரண்டாம் கட்டமும் வந்தன. உத்தராகண்டின் அவுலியில் ஜோஷிமட்டிலிருந்து 4 கிலோமீட்டர் ரோப்கார் 1990களில் ஓடத் தொடங்கியது. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் டேராடூனிலும் அவுலியிலும் நடந்தன. 2020இல் முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி நடந்தது.

மணாலியில் 1961இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் பனிச்சறுக்கு கற்றுத் தருகிறது. இந்த அரசுப் பயிற்சிகளில் விழுவது எப்படி, எழுவது எப்படி, நிறுத்துவது எப்படி என்று அடிப்படையிலிருந்து தொடங்கி நாட்கணக்கில் சொல்லித் தருவார்கள். நம் ஊரிலிருந்து போகும் பெரும்பாலான குழுக்களுக்கு இதெல்லாம் எட்டுவதில்லை. வழியோரக் கடையில் வாடகைக்கு ஓவர்கோட்டும் பூட்ஸும் எடுத்து, பலகைமேல் சில நிமிடம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பனியைப் பார்த்தது நிஜம். பனிச்சறுக்கு கற்றது என்று சொல்ல முடியாது.

பணம் இன்னொரு தடை. சென்னையிலிருந்து டெல்லியே ரயிலில் சுமார் 2,180 கிலோமீட்டர். அதற்கப்புறம்தான் மலை. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில்வே பாதிக் கட்டணச் சலுகையும், கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 75 சதவீதச் சலுகையும் தருகிறது என்பது பலருக்கும் தெரியாது.

திரும்பி வராதவர்கள்

இனி கசப்பான பகுதி. இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத மூன்று தேதிகள் உண்டு.

1971 நவம்பர், ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலை. எடின்பரோவிலிருந்து வந்த பள்ளிக் குழு இரண்டாகப் பிரிந்து மேட்டுநிலத்தைக் கடக்கப் போனது. திறமையான குழு ஒரு சிறு கல்குடிலை அடைந்து தப்பியது. மற்றக் குழு பனிப்புயலில் வழி தெரியாமல் திறந்தவெளியில் இரண்டு இரவுகள் சிக்கிக்கொண்டது. ஐந்து மாணவர்களும் துணைப் பயிற்சியாளரான ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். பிரிட்டனில் மாணவர்களை மலைக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்ற விவாதத்தையே இது மாற்றியது.

2014 ஜூன் 8, இமாச்சலப் பிரதேசம். மணாலி போகும் வழியில் மண்டி மாவட்டத்தில், ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பியாஸ் ஆற்றின் பாறைகளில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்களும் சுற்றுலா ஏற்பாட்டாளர் தரப்பில் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். இமாச்சல் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, குடும்பத்துக்கு 20 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

2017 மார்ச் 27, ஜப்பானின் நாசு. பள்ளி மாணவர்களுக்கான மலையேற்றப் பயிற்சி முகாம். வானிலை மோசமானதால் சிகரம் ஏறும் திட்டத்தை ஆசிரியர்கள் கைவிட்டார்கள். சரியான முடிவுதான். ஆனால் அதற்குப் பதிலாகப் பனிச்சறுக்குத் தலத்தின் அருகே ஆழ்பனியில் நடக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பனிச்சரிவு வந்தது. ஏழு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். 2024இல் மாவட்ட நீதிமன்றம் பொறுப்பிலிருந்த மூன்று ஆசிரியர்களுக்குத் தலா இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. இவர்களில் ஒருவர்கூடப் பனிச்சறுக்குப் பலகையிலிருந்து விழுந்து இறக்கவில்லை. பெற்றோர் பயப்படுவது விளையாட்டைப் பார்த்து. ஆனால் உயிர் போனது விளையாட்டுக்கு வெளியே: வழியில், இடைவேளையில், திட்டம் மாறிய நேரத்தில். பயிற்சியாளர் கூட இருக்கும் ஒரு மணி நேரத்தைவிட, யாரும் பொறுப்பில்லாத பத்து நிமிடம்தான் ஆபத்தானது.

இதற்குப் பனிமலைவரை போகவும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அதுவும் வழியில் இறங்கிய இடம்தான்.

கடல்மட்டத்துப் பிள்ளைகளுக்கு

தாம்பரம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. குளிருக்கு இரண்டு பருத்திச் சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது நம் பழக்கம். பனியில் அது தப்பு. பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளியும் தண்ணீர் புகாத மேலுடையும்தான் காக்கும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும், தோலையும் சுடும். கறுப்புக் கண்ணாடி அங்கே ஸ்டைலுக்கு அல்ல. உயரத்தில் காற்று மெலிதாவதால் தலைவலி, வாந்தி வரலாம். போன அன்றே ரோப்கார் ஏறாமல் ஒருநாள் ஓய்வெடுப்பது நல்லது. தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். கிண்டல் செய்வார்களே என்று மறைப்பவன்தான் முதலில் மாட்டிக்கொள்வான்.

பனியும் காத்திருக்காது

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் ஊரே மண்ணில் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அவுலி ரோப்கார் நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் குல்மார்க் பனி இல்லாமல் மண்ணிறமாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி, போதிய பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பனிமலை எப்போதும் அங்கேயே இருக்கும், என்றாவது போகலாம் என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே 137 ஆண்டுகளுக்கு மேலான இந்த வரலாறு, சுற்றுலா ஏற்பாடு செய்யும் எந்தப் பள்ளியின் முன்னாலும் இரண்டு கேள்விகளை வைக்கிறது. வகுப்பில் எத்தனை பேர் போக முடியும்? போனவர்களில் எத்தனை பேர் பத்திரமாகத் திரும்புவார்கள்? முதல் கேள்விக்குப் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் வான்வ் பள்ளியும் பதில் சொன்னார்கள்: முடிந்தவரை எல்லோரும். இரண்டாவதற்கு கெய்ர்ன்கார்மும் பியாஸும் நாசுவும் பாடம் சொல்கின்றன: எல்லோரும் திரும்ப வேண்டுமானால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பொறுப்பான ஒரு பெரியவர் இருக்க வேண்டும், திட்டத்தைப் பாதியில் அல்ல, முழுதாகக் கைவிடும் துணிச்சல் அவருக்கு இருக்க வேண்டும்.

மெட்ராஸில் பிறந்த ஒரு குழந்தை பனிச்சறுக்குக்கு விதி எழுதியது என்றால், ராஜகீழ்ப்பாக்கத்துப் பிள்ளை ஒருநாள் அந்தச் சரிவில் இறங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை பணக்கார வீட்டுப் பிள்ளையாக மட்டும் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம்.